ஒனியான்டா: 44 பருவங்கள் நிலைத்து நீங்கிய ஒரு சிற்றூர் பேஸ்பால் அணி

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒனியான்டா என்ற சிறிய நகரில் அந்தக் கோடைப் பருவத்தின் பேஸ்பால் ஆட்டங்கள் முடிவடைந்தன. மைதானத்தை விட்டு வெளியேறிய பார்வையாளர்கள் அடுத்த ஜூன் மாதம் மீண்டும் வருவதாகவே எண்ணியிருக்க வேண்டும், ஏனெனில் அதுதான் கடைசிப் பருவம் என்று அப்போது யாரும் அறிவிக்கவில்லை. இலையுதிர் காலம் கடந்து, பனி விழுந்து, மைதானம் மூடிக் கிடந்த குளிர்காலத்தில்தான், ஒனியான்டா டைகர்ஸ் அணி கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச் நகருக்குச் செல்கிறது என்ற செய்தி வந்தது. 1966 முதல் 44 பருவங்கள் தொடர்ந்து ஆடிய ஓர் அணிக்குப் பிரிவு விழாகூட இல்லாமல் போயிற்று.

சுமார் 14,000 பேர் மட்டுமே வாழும் ஒரு நகரில் தொழில்முறை அணி ஒன்று இவ்வளவு காலம் எப்படி நிலைத்தது, நிலைத்த பின் எதனால் நீங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மைனர் லீக், அதாவது பெரிய அணிகளுக்காக இளம் வீரர்களை வளர்க்கும் கீழ்நிலைத் தொழில்முறை லீக், அணிகளின் முடிவைப் பேசுவோர் பொதுவாகக் கூட்டம் குறைந்தது, பணம் போதவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ஒனியான்டாவில் அவ்விரண்டும் உண்மைதான் என்றாலும், கூட்டம் அங்கே எந்தக் காலத்திலும் பெரிதாக இருந்ததில்லை. பெரிய கூட்டம் இல்லாமலேயே நாற்பதாண்டுகளுக்கு மேல் ஓடிய ஓர் அமைப்பு, அதே காரணத்தால் நின்றுபோனது என்று சொன்னால் விளக்கம் முழுமை பெறாது. எனவே, அணி என்று ஊரார் எதை அழைத்தார்களோ அது உண்மையில் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன்.

ஊரும் மைதானமும்

ஒனியான்டா, சஸ்குவஹன்னா ஆற்றின் மேற்பகுதியில் குன்றுகளுக்கு நடுவே அமைந்த ரயில்வே நகரம். டெலவேர் அண்ட் ஹட்சன் ரயில் நிறுவனத்தின் பணிமனைகளும், ஒரு காலத்தில் உலகிலேயே பெரியது என்று பெருமை பேசப்பட்ட வட்ட வடிவ எஞ்சின் கொட்டகையும் இங்கேதான் இருந்தன. ரயில் ஊழியர்களின் புகழ்பெற்ற சங்கங்களுள் ஒன்று 1883-இல் இவ்வூரில் ஒரு ரயிலின் கடைசிப் பெட்டிக்குள் கூடிய சிலரால் தொடங்கப்பட்டது. அந்தச் சிவப்புப் பெட்டி நகரின் நியாவா பூங்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அதே பூங்காவில்தான் டமாஷ்கி மைதானமும் உள்ளது. நகரின் பூங்காக்களையும் விளையாட்டு வசதிகளையும் நெடுங்காலம் கவனித்துவந்த ஒருவரின் பெயர் பின்னாளில் இந்த மைதானத்துக்குச் சூட்டப்பட்டது.

1920 அக்டோபரில் பேப் ரூத் காட்சி ஆட்டம் ஒன்றில் ஆடிய மைதானம் இது. 1930-களின் இறுதியில் பார்வையாளர் மேடை எழுப்பப்பட்டது. நான்காயிரம் பேருக்குச் சற்று அதிகமானோர் அமரலாம். எல்லைச் சுவருக்கு அப்பால் விளம்பரக் கோபுரங்களுக்குப் பதிலாகப் பச்சைக் குன்றுகள் தெரியும். சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில்தான் பேஸ்பாலின் தேசியப் புகழ்மண்டபம் உள்ள கூப்பர்ஸ்டவுன் இருக்கிறது. அந்த விளையாட்டின் புனிதத் தலத்துக்கு இத்தனை அருகில் இருந்தும், இவ்வூர் தன் அணியைத் தக்கவைக்க முடியவில்லை என்பதை அமெரிக்கர்கள் ஒரு முரணாகக் குறிப்பிடுவதுண்டு. எனக்கு அது முரணாகத் தோன்றவில்லை. புகழ்மண்டபத்தைக் காண வருபவர் ஒரு நாளுக்காக வருகிறார், அணியைக் காப்பவரோ சொந்த மைதான ஆட்டங்கள் நடக்கும் 38 மாலைகளும் ஆண்டுதோறும் வந்தாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் கனடியன்-அமெரிக்கன் லீக் என்ற சிறு லீகில் இவ்வூருக்கு அணி இருந்தது. போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள் மைனர் லீக்குகளின் பொற்காலம். 1949-இல் நாடு முழுவதும் 59 லீக்குகள் இயங்கின. பிறகு தொலைக்காட்சி வீட்டுக்குள் நுழைந்தது, மேஜர் லீக் எனப்படும் மேல்நிலை லீகின் ஆட்டங்கள் வானொலியிலும் திரையிலும் எல்லா ஊர்களையும் எட்டின, சிறு லீக்குகள் மளமளவென்று சரிந்தன. கனடியன்-அமெரிக்கன் லீக் 1951-ஆம் ஆண்டுப் பருவத்தோடு முடிந்துபோனது. 1960-களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் இருபதுக்கும் குறைவான லீக்குகளே எஞ்சின. அந்தச் சரிவின் நடுவில், அணியே இல்லாமல் பதினான்கு கோடைகளைக் கழித்த ஒனியான்டா மீண்டும் ஓர் அணியைத் தேடியது.

ஒரு மேயரின் முயற்சி

சாம் நேடர் 1919-இல் பிறந்தவர், லெபனானிலிருந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. 1962 முதல் 1969 வரை ஒனியான்டாவின் மேயராக இருந்தார். பேஸ்பால் வணிகம் அவருக்குத் தொழிலாக இருந்ததில்லை. ஊரில் கோடைகாலத்தில் குடும்பத்தோடு போய் அமர ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இதில் இறங்கினார் என்பது அவர் நடத்திய முறையிலிருந்தே விளங்கும். மைனர் லீகுகளுள் ஒன்றான நியூயார்க்-பென் லீகில் 1965 வரை வெல்ஸ்வில் என்ற இன்னும் சிறிய ஊர் ஓர் இடத்தை வைத்திருந்தது. மேல்நிலை லீகின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அமைப்பின் இளம் வீரர்கள் அங்கே ஆடிவந்தார்கள். 1966-இல் அந்த இடம் ஒனியான்டாவுக்கு வந்தது. இதைக் கவனத்தில் இருத்திக்கொள்வது நல்லது: ஒனியான்டாவின் வரவே வேறோர் ஊரின் இழப்பாக இருந்தது.

முதல் ஆண்டு அணியின் பெயர் ஒனியான்டா ரெட் சாக்ஸ். பிற்காலத்தில் கான்சாஸ் சிட்டி அணியில் பெயர்பெற்ற ஏமஸ் ஓட்டிஸ் அவ்வாண்டு இங்கே ஆடினார். ஒரே பருவத்தில் பாஸ்டன் விலகிக்கொண்டது. 1967-இல் அதன் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் வந்து சேர்ந்தது. ரெட் சாக்ஸ் சட்டையைச் சென்ற ஆண்டு வாங்கியவர் இந்த ஆண்டு அதை என்ன செய்வது என்ற சிக்கல், மைனர் லீக் ரசிகர்களுக்கு மட்டுமே உரியது.

யாங்கீஸ் உறவு 32 பருவங்கள், அதாவது 1998 வரை நீடித்தது. மைனர் லீகில், வீரர்களை அனுப்பும் மேல்நிலைத் தாய் அணியோடு செய்யும் இணைப்பு ஒப்பந்தங்கள் இரண்டு ஆண்டு, நான்கு ஆண்டு என்று குறுகிய காலத்துக்கே எழுதப்படுபவை. அதனால் 32 ஆண்டுகள் ஒரே தாய் அணியோடு இருந்தது அரிதான செய்தி. நேடரும் அவருடைய நெடுநாள் கூட்டாளியான சிட் லெவினும் பலமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். இந்தப் புதுப்பித்தல்களில் ஊர்மக்களின் கை எங்கும் இல்லை என்பதையும் இங்கேயே குறிக்கலாம்.

ஊரின் கையில் இருந்தது எது

மைனர் லீக் அணி ஒன்றில் நான்கு வெவ்வேறு பொருள்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வீரர்கள், பயிற்சியாளர்கள் ஆகியோர் தாய் அணியின் ஊழியர்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், அவர்களை மேலே உயர்த்துவதும், வீட்டுக்கு அனுப்புவதும் தாய் அணியே. 1960-களின் தொடக்கத்தில் சரிவைத் தடுக்க மேல்நிலை லீக் செய்த ஏற்பாட்டின் விளைவு இது. அதற்கு முன் பல சிற்றூர் அணிகள் தாங்களே வீரர்களை அமர்த்தி, வளர்த்து, பெரிய அணிகளுக்கு விற்றுப் பிழைத்தன. இரண்டாவது, தாய் அணியோடு உள்ள இணைப்பு ஒப்பந்தம். மூன்றாவது, லீகில் ஓர் இடத்தை வைத்திருக்கும் உரிமம். லீக் ஒப்புதலோடு விற்கலாம், வேறு ஊருக்கு எடுத்துச் செல்லலாம். நான்காவது, மைதானம்.

ஒனியான்டா நகரம் இந்த நான்கில் கடைசியை மட்டுமே வைத்திருந்தது. உரிமம் ஒரு சிறிய உள்ளூர் நிறுவனத்தின் பேரிலும், நடைமுறையில் நேடர், லெவின் ஆகியோரின் கையிலும் இருந்தது. ஊர்மக்கள் அதை எங்கள் அணி என்று அழைத்தது உணர்வால் முழுக்க உண்மை, பத்திரத்தால் ஒரு துளிகூட உண்மையில்லை. மைதானத்தை எடுத்துச் செல்ல முடியாது, உரிமத்தை ஒரு கோப்பில் வைத்து எடுத்துச் சென்றுவிடலாம். 44 பருவங்களும் இந்த நிலை அப்படியே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் மாறியது உரிமத்தின் விலை மட்டுமே.

வந்து போனவர்கள்

நியூயார்க்-பென் லீக் 1967 முதல் குறுகிய பருவ லீகாக நடந்தது. மேல்நிலை லீக் அணிகள் முறைவைத்துச் சுற்றுச் சுற்றாக இளம் வீரர்களை எடுக்கும் வருடாந்தரத் தேர்வு அந்நாட்களில் ஜூன் தொடக்கத்தில் நடந்தது. கல்லூரியிலிருந்தும் உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் அப்போது தேர்வான இளைஞர்கள் இரண்டு வாரத்தில் இத்தகைய ஊர்களுக்கு அனுப்பப்படுவார்கள். ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்தில் முடியும் ஏறத்தாழ 76 ஆட்டங்கள், அவற்றில் பாதி சொந்த மைதானத்தில். பெரும்பாலான வீரர்களுக்கு இதுவே தொழில்முறை வாழ்க்கையின் முதல் கோடை, பலருக்கு அதுவே கடைசியும் ஆகும்.

1979-இல் பத்தொன்பதாம் சுற்றில் தேர்வாகி இங்கே வந்த டான் மாட்டிங்லி 53 ஆட்டங்களில் .349 என்ற சராசரியோடு மட்டை பிடித்தார். கிரிக்கெட் சராசரியில் பழகியவர்களுக்காகச் சொல்வதானால், ஆயிரம் முறை மட்டை பிடிக்கும் ஒருவர் 349 முறை பந்தை வெற்றிகரமாக அடித்துத் தளத்தை எட்டும் விகிதம் அது. முந்நூறைத் தாண்டினாலே சிறந்த ஆட்டக்காரர் என்பார்கள். அவ்வாண்டு தொடங்கி 1981 வரை மூன்று முறை தொடர்ச்சியாக ஒனியான்டா லீக் பட்டத்தை வென்றது.

1982-இல் ஜான் எல்வே வந்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடிப் பெயர்பெற்றிருந்தவரை யாங்கீஸ் முந்தைய ஆண்டே இரண்டாம் சுற்றில் தேர்ந்தெடுத்திருந்தது. லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்குச் சில வாரங்கள் இவ்வூரில் ஆடினார். 42 ஆட்டங்களில் சராசரி .318, நான்கு ஹோம் ரன்கள், 13 தளத் திருட்டுகள் (பந்து அடிக்கப்படாமலேயே ஓடி அடுத்த தளத்தைப் பிடித்தவை). மறு ஆண்டு கால்பந்துத் தேர்வில் பால்டிமோர் அணி அவரை முதல் ஆளாக எடுத்தபோது, வேறு அணிக்கு மாற்றாவிட்டால் யாங்கீஸிடம் போய்விடுவேன் என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி இருந்தது. அந்தப் பிடி டமாஷ்கி மைதானத்தில் உருவானது. டென்வர் அணிக்கு அவர் மாற்றப்பட்டதும், அதன்பின் நடந்த வரலாறும் கால்பந்துக்கு உரியவை.

1985-ஆம் ஆண்டு ஒனியான்டாவின் கதையில் தனித்து நிற்கிறது. அணியின் மேலாளராக வந்த இளைஞர் பக் ஷோவால்டர் 55 வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் மேல்நிலை லீகின் இரு பிரிவுகளிலும் மிகச் சிறந்த வீரர் விருது பெற்ற இருவரும் ஒனியான்டாவில் ஆடியவர்கள். அமெரிக்கன் லீகில் மாட்டிங்லி, நேஷனல் லீகில் செயின்ட் லூயிஸ் அணியின் வில்லி மெகீ. மெகீ 1977-இல் இங்கே ஆடியபோது அவர் மட்டையில் பெரிய பிரகாசம் எதுவும் இருந்ததில்லை. ஷோவால்டர் அடுத்த ஆண்டு 59 வெற்றிகளுக்கு 18 தோல்விகள் என்று முன்னதைவிடச் சிறப்பாக நடத்தியும் பட்டம் கைநழுவியது. ஏழு ஆண்டுகளில் அவர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கே மேலாளரானார்.

பெர்னி வில்லியம்ஸ் 1987-இல் வந்தார். 1991-இல் ஆண்டி பெட்டிட் இங்கே பந்தெறிந்தார், ஜார்ஜ் போசாடாவும் அதே அணியில் இருந்தார். பிற்காலத்தில் யாங்கீஸின் பின்தடுப்பாளராக (கேட்சர்) பெயர்பெற்ற போசாடா அந்தக் கோடையில் பெரும்பாலும் இரண்டாம் தளத்தில் நின்றார் என்பது, ஒரு வீரர் என்னவாகப் போகிறார் என்று அவருக்கே தெரியாத வயதில் இவ்வூர் அவர்களைப் பார்த்தது என்பதற்கு நல்ல சான்று.

பீர் விற்காத மைதானம்

நேடரின் நிர்வாகத்தில் டமாஷ்கி மைதானத்தில் மதுவகை எதுவும் விற்கப்படவில்லை. அமெரிக்கப் பேஸ்பால் மைதானங்களில் பீர் விற்பனை பெரிய வருவாய்களுள் ஒன்று என்பதை அறிந்தவர்களுக்கு இந்த முடிவின் கனம் தெரியும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இடைஞ்சல் கூடாது என்பதே அவர் கொள்கை. நுழைவுக் கட்டணம் குறைவு, ஊழியர்கள் சிலரே, அவர்களிலும் குடும்பத்தினர் பலர். இடைவேளைகளில் வேடிக்கை நிகழ்ச்சிகள், அணியின் சின்னமான பொம்மை வேடமிட்டவர்கள், வாணவேடிக்கைகள் என்று 1980-களில் மைனர் லீக் முழுவதும் பரவிய வியாபார முறைகளை ஒனியான்டா பெரும்பாலும் எட்ட நின்றே பார்த்தது.

இதை ஒரு முதியவரின் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் செலவைக் குறைவாக வைத்ததால்தான் குறைந்த கூட்டத்தோடு அணி பிழைத்தது. வருவாயைப் பெருக்கும் வழிகளைத் தவிர்த்ததால், வருவாயைப் பெருக்கியாக வேண்டிய செலவுகளும் நேரவில்லை. உரிமத்தை முதலீடாகக் கருதாத ஒருவரால் மட்டுமே இந்தக் கணக்கைப் பல பத்தாண்டுகள் சமன்செய்ய முடியும்.

ஊரின் அமைப்பிலேயே வேறொரு இடர் இருந்தது. இங்கே மாநிலப் பல்கலைக்கழகக் கிளையும் ஹார்ட்விக் கல்லூரியும் இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதி நகரில் மாணவர்கள் நிறைந்திருப்பார்கள். மே மாதத்தில் அவர்கள் ஊரைக் காலி செய்வார்கள், ஆகஸ்ட் இறுதியில் திரும்புவார்கள். பேஸ்பால் பருவம் ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் தொடக்கத்தில் முடிவது. மாலைப் பொழுதைக் கழிக்க இடம் தேடும் இளைஞர் கூட்டம் ஊரில் இல்லாத வாரங்களும் அணி ஆடும் வாரங்களும் ஏறக்குறைய ஒன்றே. 1996-இல் கூப்பர்ஸ்டவுன் அருகே தொடங்கிய சிறுவர் பேஸ்பால் முகாமும், பிறகு ஒனியான்டா பக்கத்திலேயே எழுந்த மற்றொரு முகாமும் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இப்பகுதிக்கு அழைத்துவந்தன. பேஸ்பால் பணம் மாவட்டத்துக்குள் முன்னெப்போதையும்விட அதிகமாகப் பாய்ந்த காலத்தில்தான் டமாஷ்கி மைதானத்தின் இருக்கைகள் லீகிலேயே மிகக் காலியானவற்றுள் அடங்கின. முகாமுக்கு வந்த பெற்றோர் பகல் முழுதும், சில நாள் இரவிலும், தம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். மூன்றாவதாக ஓர் ஆட்டம் பார்க்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

1990-ஆம் ஆண்டு ஒப்பந்தம்

1990-இன் இறுதியில் மேல்நிலை லீகுக்கும் மைனர் லீகுகளுக்கும் இடையே ஏற்பட்ட புதிய ஒப்பந்தம் சிற்றூர்களின் தலையெழுத்தைத் திருத்தியது. அதன்படி மைனர் லீக் அணிகள் நுழைவுச்சீட்டு வருவாயில் ஒரு பங்கை மேலே செலுத்த வேண்டும். அத்தோடு மைதானங்களுக்குக் கட்டாயத் தரநிலைகள் வகுக்கப்பட்டன. விளக்குகளின் ஒளி அளவு, உடைமாற்றும் அறையின் பரப்பு, கழிவறைகளின் எண்ணிக்கை, இருக்கைகள் என்று அனைத்துக்கும் குறைந்தபட்ச வரையறை, அவற்றை நிறைவேற்ற 1990-களின் நடுப்பகுதி வரை கெடு.

இந்த விதிகள் நியாயமற்றவை என்று நான் சொல்ல மாட்டேன். பழைய மைதானங்கள் பலவற்றில் வீரர்களுக்கு இருந்த வசதிகள் மோசமானவை. ஆனால் விதியின் விளைவு விதியின் நோக்கத்தோடு நிற்கவில்லை. மைதானத்தைப் புதிதாகக் கட்டும் பணம் எந்த நகரிடம் உள்ளதோ அந்த நகருக்கு அணி தேவைப்பட்டது, அணி வைத்திருந்தவர்களுக்கு விற்கும் வாய்ப்பு வந்தது. லீகில் இடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது, விரும்பும் நகரங்களோ பெருகின. உரிமத்தின் விலை ஏறியது.

நியூயார்க்-பென் லீகின் வரைபடம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் மாறியது. எல்மைராவின் அணி மாசசூசெட்ஸில் லோவலுக்குப் போனது. வாட்டர்டவுனின் அணி 1999-இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவுக்குப் போனது. செயின்ட் கேத்தரின்ஸின் அணி குவீன்ஸ் வழியாக 2001-இல் புரூக்ளினுக்கு வந்து, கடற்கரையோரப் புது மைதானத்தில் ஏழாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம் திரட்டியது. யூட்டிகாவின் அணி 2002-இல் மேரிலாந்தின் அபர்டீனுக்குச் சென்றது. பேருந்தில் ஊர் ஊராகப் போய் ஆடிய ஒரு மலைநாட்டு லீக், பெருநகர்களின் புறநகர் லீகாக உருமாறிக்கொண்டிருந்தது.

ஸ்டேட்டன் தீவு திறந்ததும் யாங்கீஸ் தன் இளம் வீரர்களை அங்கே மாற்றிக்கொண்டது. தலைமை மைதானத்திலிருந்து ஒரு படகுப் பயணத் தொலைவில் வீரர்களை வைத்திருக்க முடிந்த பின், பல மணி நேரப் பயணத்தில் உள்ள குன்றூர் எதற்கு? 1998-இல் யாங்கீஸ் பெயரில் ஆடிய கடைசிப் பருவத்தின் இறுதிச் சுற்று மழையால் நடக்காமல் போக, ஒனியான்டாவும் ஆபர்னும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 1999 முதல் டெட்ராய்ட் டைகர்ஸ் அமைப்பு வந்தது. 2002-இல் கர்டிஸ் கிராண்டர்சன் இங்கிருந்து தொடங்கினார். ஆட்டத்தின் தரத்தில் குறையில்லை. ஆனால் நியூயார்க் மாநிலத்தின் ஒரு நகரத்து மக்களுக்கு யாங்கீஸ் சட்டை தரும் பற்றை டெட்ராய்ட் சட்டை தந்திருக்க முடியாது. இந்த மாற்றத்தில் உரிமம் இம்மியும் அசையவில்லை, கழன்றுபோனது இணைப்பு ஒப்பந்தம். ஊரின் பிடியில் இல்லாத மூன்றில் ஒன்று முதலில் போயிற்று.

விற்பனையும் சங்கிலியும்

உரிமத்தின் விலை ஏறிய ஆண்டுகளில் நேடரும் லெவினும் அதை விற்காமல் வைத்திருந்தார்கள். இந்தக் கதையின் மையம் அதுவே என்பது என் மதிப்பீடு. வாட்டர்டவுன், யூட்டிகா, எல்மைரா ஆகிய மூன்றும் ஒனியான்டாவைவிடப் பெரிய ஊர்கள், அவை தம் அணிகளை இழந்த பின்னும் ஒனியான்டா தன் அணியோடு இருந்தது. மைதானம் அங்கே சிறந்ததாக இல்லை, கூட்டம் அதிகமாக இல்லை, தாய் அணியும் மாறிவிட்டது. விற்க மனமில்லாத உரிமையாளர் மட்டும் மாறவில்லை. ஆனால் ஒருவரின் மனம் ஓர் ஏற்பாடாகாது. அவருக்குப் பின் என்ன என்ற கேள்விக்கு எழுத்தில் எந்த விடையும் இல்லாதிருந்தது.

2008-இல், நேடர் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தபோது, நியூயார்க் நகர வழக்கறிஞர் ஒருவர் தலைமையிலான முதலீட்டாளர் குழுவுக்கு உரிமம் விற்கப்பட்டது. அவர்கள் வேறு இடங்களிலும் மைனர் லீக் அணிகளை வைத்திருந்தவர்கள். ஊருக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதற்காக அவர்களைக் குற்றவாளிகளாக்குவது சரியாகாது. விலை கொடுத்து வாங்கிய சொத்து பயனளிக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியது சொத்தின் இயல்புக்கு உட்பட்டது.

அதற்குப் பிறகு ஒனியான்டாவின் விதியைத் தீர்மானித்த நிகழ்ச்சி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், ஒனியான்டாவின் பெயரைக்கூட அறியாதவர்களிடையே நடந்தது. அட்லாண்டா பிரேவ்ஸ் அமைப்பின் மேல்மட்ட மைனர் லீக் அணி வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பல பத்தாண்டுகள் இருந்தது. பழைய மைதானம் குறித்த இழுபறி தீராததால், 2009-இல் அந்த அணி ஜார்ஜியாவின் குவினட் மாவட்டத்துக்குப் பெயர்ந்தது. ரிச்மண்ட் ஓராண்டு வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை நிரப்ப, கனெக்டிகட்டின் நார்விச்சில் ஆடிவந்த இரண்டாம் நிலை அணி 2010-இல் ரிச்மண்டுக்குச் சென்றது. இப்போது நார்விச்சில் 1995-இல் கட்டப்பட்ட, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட நகராட்சி மைதானம் வெறுமையானது. அதை நிரப்ப ஓர் அணி தேவைப்பட்டது. ஒனியான்டா டைகர்ஸ் கனெக்டிகட் டைகர்ஸ் ஆனது.

அடுத்து ஒனியான்டாவில் ஒரு வெறுமை உண்டானது, அதை நிரப்ப யாருக்கும் உரிமம் மிச்சமில்லை. 1966-இல் வெல்ஸ்வில் நின்ற இடத்தில் அது நின்றது. ஒவ்வொரு நகரும் தனக்குக் கீழே உள்ள நகரிடமிருந்து எடுத்துக்கொள்ளும் இந்த வரிசையில், எடுத்துக்கொள்ளக் கீழே யாரும் இல்லாத நகரம்தான் அணியை இழந்ததாகக் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆபர்னும் படேவியாவும்

வேறு வழி இருந்ததா என்று பார்க்க, அதே லீகின் இரண்டு ஊர்களை ஒப்பிடலாம். ஆபர்னிலும் படேவியாவிலும் அணி தனியார் சொத்தாக இல்லாமல், ஊர்ப் பொதுவின் சார்பில் இயங்கிய அமைப்புகளின் கீழ் இருந்தது. படேவியா ஏறத்தாழ ஒனியான்டா அளவுள்ள ஊர். ஆபர்னின் மைதானம் 1995-இலும் படேவியாவின் மைதானம் 1996-இலும் புதிதாகக் கட்டப்பட்டன, அதாவது தரநிலை விதிகளுக்கு இவ்விரு ஊர்களும் உரிய காலத்தில் விடை கண்டன. படேவியாவின் நிர்வாகம் பணமுடையால் தள்ளாடி, ராச்செஸ்டரிலிருந்த ஒரு பெரிய சமூக அமைப்பின் உதவியை நாட வேண்டியிருந்தது. இருந்தும் இரண்டு அணிகளும் லீகின் கடைசிப் பருவம் வரை ஆடின. பொதுவுடைமை அவ்வூர்களுக்கு ஒனியான்டாவைவிடப் பத்துப் பருவங்கள் கூடுதலாகத் தந்தது. 2008-இல் ஒனியான்டா நகரமோ ஊர்மக்களோ உரிமத்தை வாங்கியிருந்தால், பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியதும் அந்தப் பத்துப் பருவங்களே. ஓர் ஊர் அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதில் நியாயமான இருவர் வேறுபடலாம்.

லீகின் முடிவு

2010-இலேயே டமாஷ்கி மைதானத்துக்கு ஒனியான்டா அவுட்லாஸ் என்ற அணி வந்துவிட்டது. கோடை விடுமுறையில் ஆடும் கல்லூரி மாணவர்களின் அணி அது. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது, மேல்நிலை அணிகளோடு இணைப்பு கிடையாது. தொழில்முறை அணியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு படி இறக்கமாகத் தோன்றியிருக்கும்.

2020 பருவத்துக்காக நார்விச் அணி தன் பெயரை நார்விச் கடல் யூனிகார்ன்கள் என்று மாற்றிக்கொண்டது. கொரோனாவால் அவ்வாண்டு மைனர் லீக் ஆட்டங்கள் முழுவதும் கைவிடப்பட்டன. அதே குளிர்காலத்தில் மேல்நிலை லீக், மைனர் லீகுகளின் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்து, இணைப்பு அணிகளை 160-லிருந்து 120 ஆகக் குறைத்தது. 1939-இல் தொடங்கிய நியூயார்க்-பென் லீக் இல்லாமல் போனது. ஜூன் மாதத் தேர்வு ஜூலைக்குத் தள்ளப்பட்டதால், ஜூன் நடுவில் தொடங்கும் ஒரு லீகுக்கு வேலையும் இல்லை. கடல் யூனிகார்ன்கள் என்ற பெயரில் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட நடக்காமலேயே நார்விச் தன் இணைப்பை இழந்தது. 2021-இல் அந்த அணி கோடைகாலக் கல்லூரி மாணவர் லீக் ஒன்றில் சேர்ந்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒனியான்டாவுக்கு மிஞ்சிய அதே வகை பேஸ்பால்தான் அப்போது நார்விச்சுக்கும் வந்து சேர்ந்தது.

சாம் நேடர் 2021 பிப்ரவரியில், தம் 101-ஆம் வயதில் மறைந்தார். அவர் கொண்டுவந்த அணி ஆடிய லீக் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு கலைக்கப்பட்டிருந்தது.